மண் தின்ற கன்றுகள்

தலைஞாயிறு பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு என்னை மாற்றியபோது அந்த ஊரில் எனக்குப் பழகிய முகம் என்று கன்றுகளைத்தான் சொல்ல வேண்டும். நான் காங்கேயம் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்க் கன்று செவலையாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்குப் போகும். இந்த ஊரின் உம்பளச்சேரிக் கன்றும் அப்படித்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டும் கால்களில் வெள்ளையும் வால் குஞ்சத்தில் வெள்ளையும் இதற்குக் கூடுதல். சேற்று உழவுக்கென்றே அமைந்த குட்டையான மாடு. காளைகளின் கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டைமாடு என்பார்கள், தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். பால் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிய விஷயம். அதிலும் பாதிக்கு மேல் கன்றுக்கே விட்டுவிடுவார்கள். இந்தப் பால் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

2018 நவம்பர் 15. பகல் முழுக்க ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சொல்லிப்போனார்கள். கஜா புயல் வருகிறது, ஓட்டு வீட்டிலும் கீற்று வீட்டிலும் இருக்காதீர்கள், மாடுகளை அவிழ்த்து விடுங்கள். நானும் எங்கள் மருந்தகத்து உதவியாளர் அண்ணனும் தெருத்தெருவாகப் போய் அதையே சொன்னோம். அவருக்கு அப்போது ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்து வளர்ந்தது அதே ஊர். "சம்பா நட்டுக் கெடக்கு டாக்டரம்மா, அவுத்து வுட்டா அடுத்தவன் வயல்ல எறங்கிடும். எவன் அவுப்பான்?" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. பாதிப் பேர் அவிழ்த்தார்கள், பாதிப் பேர் கட்டியே வைத்தார்கள். கன்றுகளை மட்டும் எல்லோரும் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நான் குடியிருந்தது தளம் போட்ட வீடு. அன்று ராத்திரி அந்தக் கூடத்தில் மூன்று குடும்பங்களும் நாலைந்து கன்றுகளும் இருந்தோம். ஈரச் சாணியும் மண்ணெண்ணெய் விளக்கும் குழந்தைகளின் மூத்திரமும் கலந்த வாடை. ஒரு செவலைக் கன்று என் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தது.

நள்ளிரவுக்கு மேல் வடக்கேயிருந்து வந்தது காற்று, சன்னல் கதவு ஒன்று பிய்ந்து எங்கோ போனது, தெருவில் தகரம் பறந்து சுவரில் மோதியது, தென்னை ஒடிகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக எண்ண முடியாமல் கேட்டது, தண்ணீர் கதவிடுக்கில் பீறிட்டது, யாரோ சாமி பேரைச் சொல்லிக் கத்தினார்கள், பிறகு ஒரேயடியாக எல்லாம் நின்றது. முடிந்துவிட்டது என்று எழுந்தவர்களை அண்ணன் தடுத்து உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்றதெல்லாம் இரண்டாவது காற்றில் விழுந்தது.

விடிந்தபோது ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வழக்கமாகத் தோப்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் நேராகத் தெரிந்தது. தென்னை ஒன்றுமில்லை, பனை மட்டும் நின்றது. முறிந்த தென்னங்குருத்தின் பச்சை வாசமும், கடல் தள்ளிவிட்டுப் போன சேற்றின் கரிப்பும் காற்றில் இருந்தன. அந்தக் கலவையை இன்றைக்கு எங்கே முகர்ந்தாலும் எனக்கு வயிறு புரளும். கட்டுத்தறியில் கிடந்த மாடுகளைப் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. சுவர் விழுந்தும் கூரை விழுந்தும் குளிரில் விறைத்தும் செத்தவை அவை. கோடியக்கரைக் காட்டில் மான்களும் மட்டக் குதிரைகளும் மடிந்து கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த இரவின் சாவுக்குக் கணக்கு இருக்கிறது, படம் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது அதற்குப் பின்னால் வந்த வாரங்களைப் பற்றி.

முதலில் வந்தது ஒரு காளைக்கன்று. பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். புயல் அடித்த மறுநாள் வயல் வரப்பில் ஈன்றுவிட்டு, மிரட்சி தீராமல் தாய் அதைக் கிட்டே சேர்க்கவில்லை. அறுபது வயதுப் பெரியம்மா ஒருவர் கன்றைத் துப்பட்டியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி வந்தார். "முக்குது, ஒண்ணும் வரல டாக்டரம்மா. வாலைத் தூக்கிக்கிட்டே நிக்குது." பிறந்த குழந்தை போடுகிற காட்டுப்பீதான் கன்றுக்கும் முதலில் வரும். பிசினாக ஒட்டும் கறுத்த சாணி. சீம்பால் குடித்தால் அது தானாக இளகி வெளியே வந்துவிடும், ஏனென்றால் சீம்பாலுக்கே பேதி குணம் உண்டு. குடிக்காத கன்றுக்கு அது குதத்தின் வாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். முதலில் ஆசனவாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமலே பிறக்கிற கன்றும் உண்டு. இதற்கு இருந்தது. விரலில் எண்ணெய் தடவி மெதுவாக உள்ளே விட்டால் கட்டி தட்டுப்பட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து ரப்பர் குழாயில் ஏற்றினோம். அந்த வெந்நீருக்கு அடுப்பு பற்றவைக்கக் காய்ந்த குச்சி ஒன்று ஊரில் இல்லை. அண்ணன் தன் வீட்டில் உடைந்து கிடந்த கட்டிலின் காலை வெட்டி எரித்தார்.

கட்டி வந்தது. அதற்கப்புறம் சீம்பால் வேண்டுமே! பிறந்து முதல் ஆறு மணி நேரத்துக்குள், தன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் கன்றின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். நேரம் போகப்போக அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் ஏற்காது. அந்த நேரம் தாண்டிவிட்டது. இருந்தாலும் பேதிக்காவது ஆகட்டும் என்று, முந்தின நாள் ஈன்ற வேறொரு மாட்டின் பாலைப் பெரியம்மா கெஞ்சி வாங்கிவந்தார். அந்த வீட்டுக்காரர் தன் கன்றை விலக்கிப் பிடித்துக்கொண்டு கறந்து கொடுத்தார். அவர் வீட்டுக்குக் கூரை இல்லை, சாப்பிட்டுப் பொழுதாகியிருந்தது. கறக்கும்போது எங்களை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அந்தக் கன்று பிழைத்தது.

பிறகு வந்தவற்றுக்குக் காரணம் வேறு. காற்று ஓய்ந்ததும் பசி தொடங்கியது. வைக்கோல் போர் பாதி பறந்துபோயிற்று, மீதி நனைந்து உள்ளே வெந்து பூஞ்சணம் பிடித்தது. மேய்ச்சல் தரையில் உப்புச் சேறு. தீவனம் பின்னால் வரத்தான் செய்தது. ஆனால் முதலில் எங்கள் பக்கம் வந்த லாரிகளில் அரிசி, பாய், போர்வை, பிஸ்கட், மெழுகுவர்த்தி, தண்ணீர்ப் பாக்கெட். குறை சொல்லவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ மனிதர்கள் கண் கலங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அத்தனையும் பையில் வந்தது, பைகள் தெருவில் கிடந்தன. கூரை போன வீட்டுக்கெல்லாம் தார்ப்பாய் வந்தது. அதை இழுத்துக் கட்டிய நைலான் கயிற்றின் நுனிகள் மாட்டின் வாய் உயரத்தில் தொங்கின. இரண்டு லிட்டர் கொடுத்த மாடு அரை லிட்டருக்கு வந்து, பிறகு மடி வற்றி நின்றது. கன்று முட்டி முட்டிப் பார்த்தது. பால் வராதபோது மண்ணைத் தின்றது, சுவரை நக்கியது, பக்கத்துக் கன்றின் முதுகை நக்கி முடியை விழுங்கியது, துணியை மென்றது, பிறகு பையைத் தின்றது.

பசித்த கன்று கண்டதையும் தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே நடப்பது பலருக்குத் தெரியாது. மாட்டுக்கு நான்கு வயிறு. பிறந்த கன்றுக்கு நான்காவதுதான் பெரியது, மற்றவை பேருக்கு இருக்கும். கழுத்தை நீட்டி மடியில் சப்பும்போது உணவுக்குழாய் முடிகிற இடத்தில் ஒரு தசை குழாயாக மடிந்து பாலை நேரே நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். வைக்கோல் கடிக்கத் தொடங்கிய பிறகே முதல் வயிறு வளரும். மண் கனமானது, நழுவிப்போய் நான்காம் வயிற்றின் அடியில் படிந்துவிடும். முடியும் நாரும் பையும் முதல் வயிற்றிலேயே சுற்றிச் சுற்றி உருண்டையாகும். உருண்டை உள்ளேயே கிடந்தால் ஒரு காலம் ஓடும். நகர்ந்து வாயிலை அடைத்தால் முடிந்தது. இன்னொன்றும் உண்டு. தாயின் பால் வழியாகவே கன்றுக்குப் போகும் உருண்டைப் புழு. பத்து நாளில் பூச்சி மருந்து கொடுக்காவிட்டால் சில கன்றுகளின் குடலில் அது முடிச்சாகத் திரண்டு கிடக்கும். மருந்தகத்தில் இருந்த பூச்சி மருந்து முழுவதும் அந்த ராத்திரித் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது.

"பல்லைக் கடிக்குது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வலிக்குப் பல்லைக் கடிக்கும். பின்னங்காலால் வயிற்றை உதைக்கும். முக்கினால் சளி மட்டும் வரும். காது சில்லிட்டிருக்கும், மூக்கு காய்ந்திருக்கும். மண் தின்றதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கையுறைக்குள் கொஞ்சம் சாணியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து விரல்களைக் கீழே தொங்கவிட்டால், விரல் நுனியில் மணல் இறங்கி நிற்கும். அந்த வாரங்களில் நான் பிடித்துப் பார்த்த கையுறைகளின் விரல்கள் நிறைய மணல் நின்றது.

முதலில் கண்ணைப் பார்ப்பேன். குழிந்திருந்தால், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டபின் மடிப்பு அப்படியே நின்றால், உடம்பில் நீர் இல்லை. அந்த நிலையில் பேதி உப்பு கொடுத்தால் இருக்கும் நீரையும் குடலுக்கு இழுத்துக் கொன்றுவிடும். சலைன் ஏற்றி, கண்ணில் கொஞ்சம் ஈரம் வந்த பிறகே எண்ணெய். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் மூங்கில் குழாய் இருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்து நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றிவிடுவார்கள். நான் கொடுத்தது திரவ பாரஃபின். அதற்கு ருசியும் இல்லை, வாடையும் இல்லை. அதனால்தான் பயம். நுரையீரலுக்குள் தவறி இறங்கினால்கூடக் கன்று இருமாது. இரண்டு நாள் கழித்து மூச்சு இழுக்கும்போதுதான் தெரியும். ஆகவே மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ரப்பர் குழாய் விட்டு, கழுத்தைத் தடவிப் பார்ப்போம். மூச்சுக்குழல் ஒன்று, அதன் பக்கத்தில் நம் குழாய் ஒன்று, இரண்டும் தனித்தனியாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். வெளி நுனியை முகர்ந்தால் வயிற்றின் புளிப்பு வர வேண்டும். அண்ணன் முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினால்தான் நான் ஊற்றுவேன். அந்த மூக்கை நான் எந்தக் கருவியையும்விட நம்பினேன்.

எண்ணெய் கொடுத்துவிட்டு நடத்திவிடச் சொல்வேன். தெருவெல்லாம் மரம் கிடந்ததால் நடத்த இடமில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் கன்றுகளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவர் கன்று சாணி போட்டால் எல்லோரும் ஓடிவந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாண வீட்டில்கூடக் கண்டதில்லை. மண் தின்கிற கன்றுகளுக்கு அண்ணன் பனைநாரில் வாய்க்கூடு பின்னிக் கொடுத்தார். தன் வீட்டுக் கூரைக்குப் போட வேண்டிய நேரத்தை அதற்குப் போட்டார். அவர் மனைவி வந்து திட்டுவார், திட்டிவிட்டு அவரும் உட்கார்ந்து நார் கிழிப்பார்.

ஒரு சாயங்காலம் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் மூன்று மாதக் கிடாரிக் கன்றைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். இடது விலா உப்பி நின்றது. எண்ணெயும் பாரஃபினும் அதற்கு முன்பே தோற்றிருந்தன. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம், ஆனால் தஞ்சாவூர்ப் பக்கமும் அடி வாங்கிக் கிடந்தது, வண்டி கிடைத்து அந்தச் சாலையில் போய்ச் சேரும்வரை இது தாங்காது. அங்கேயே அறுப்பது என்று முடிவெடுத்தேன். மின்சாரம் வர இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓட்ட ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஜெனரேட்டர் வண்டிக்காரர் விஷயத்தைக் கேட்டு, பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஒரு பல்பு இழுத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை.

கன்றை வலப்பக்கமாகப் படுக்கவைத்தோம். மரத்துப்போகும் ஊசியைக் கன்றுக்கு அளவு மீறிப் போட்டால் வலிப்பு வரும், அதனால் மருந்தைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து போட்டேன். தோல், மூன்று அடுக்குத் தசை, உள்சவ்வு. முதல் வயிற்றை வெளியே இழுத்துத் தோலோடு தைத்து, பிறகு திறந்தேன். திறந்ததும் எழுந்த வாடையில் ஜெனரேட்டர்காரர் விலகிப்போனார். பையன் நகரவில்லை. கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து நீல நைலான் இழைகள், ஒரு குழந்தையின் பனியன், பிஸ்கட் உறைகள், அவற்றையெல்லாம் சுற்றிக்கட்டிய கேரி பேக் சுருள். ஒரு பையை விரித்தபோது அதில் அச்சடித்த எழுத்து அழியாமல் இருந்தது: அன்புடன். அதற்குக் கீழே இருந்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கொடுத்தவர் மனம் நல்ல மனம்.

தைத்து முடித்தபோது பையன் கேட்டான், "திரும்பப் பால் குடிக்குமா டாக்டரம்மா?" தாய் மாட்டின் மடி வற்றியிருந்ததை அவனும் அறிவான், நானும் அறிவேன். ஜெனரேட்டர் வண்டிக்காரர் ஒரு பால்பவுடர் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். மனிதக் குழந்தைகளுக்கென்று வந்தது. மூன்றாம் நாள் விடியலில் கன்று இறந்தது. தையல் பிரியவில்லை, சீழும் இல்லை. தாங்கும் வலு அந்த உடம்பில் மிஞ்சியிருக்கவில்லை.

புயல் அடித்துக் கிட்டத்தட்ட ஆறு வாரம் கழித்து, 2019 ஜனவரி முதல் தேதி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது. புயலுக்கு முன்பே அறிவித்திருந்த தடை. எங்கள் மருந்தகச் சுவரிலும் அந்த அறிவிப்பை ஒட்டினார்கள். அண்ணன் படித்துப் பார்த்தார். "நல்ல காரியம்" என்று மட்டும் சொன்னார்.

பேரிடர் நிவாரணத்தில் செத்த பசுவுக்கு 30,000 ரூபாய், உழவு மாட்டுக்கு 25,000, கன்றுக்கு 16,000 என்று அப்போது விதி. நானும் பிணப் பரிசோதனை செய்து சான்று எழுதிக் கொடுத்தேன். சுவர் விழுந்து செத்த கன்றுக்குச் சான்று எழுதுவது எளிது. டிசம்பரில் வயிறு நிறைய மணலோடு செத்த கன்றுக்கு எதை எழுதுவது? நான்காம் வயிற்றில் மண் அடைப்பு என்று உள்ளதை எழுதினேன். அதன் கீழே, புயலால் தீவனமின்மை, தாய்க்குப் பால் வற்றியது என்றும் எழுதினேன். அந்த மனுக்கள் திரும்பி வந்தன. நோயால் இறந்தது, புயலால் அல்ல என்று ஒரு வரி. அந்தப் பையனின் தகப்பனார் திரும்பி வந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லம்மா, நீங்க பாத்ததே போதும்" என்றார். எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை.

இப்போது நான் மேற்கே என் ஊர்ப்பக்கம் வேலை செய்கிறேன். கன்று பல்லைக் கடிக்கிறது என்று யாராவது வந்தால் முதலில் என் கை கையுறையைத் தேடும். போன வருடம் அண்ணனின் பேத்தி கல்யாணத்துக்குத் தலைஞாயிறு போயிருந்தேன். புதிதாக வைத்த தென்னைகள் பாளை விட்டிருந்தன. கோயில் கோபுரம் மறுபடி பாதி மறைந்துவிட்டது. பெரியம்மா வீட்டுக் காளைக்கன்று சாம்பல் நிறத்தில் கொம்பு தீய்த்த மாடாகி வண்டி இழுக்கிறது. தள்ளுவண்டிப் பையன் வெளிநாடு போயிருக்கிறான் என்றார்கள். அவர்கள் வீட்டில் இப்போது மாடு இல்லை. அந்தத் தெருவில் மாடு விட்டுப்போன வீடுகள் பல. கேட்டால் புயலைச் சொல்வார்கள், உழவுக்கு டிராக்டர் வந்ததைச் சொல்வார்கள், மேய்ச்சல் தரை போனதைச் சொல்வார்கள். எல்லாம் உண்மை. அந்த டிசம்பரை மட்டும் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் எந்தப் பட்டியலிலும் அது இல்லை. உம்பளச்சேரி இனத்தைக் காக்கக் கொருக்கையில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. பண்ணைக்கு வெளியே இந்த மாடு நிலைப்பது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

கடற்கரை மாவட்டங்களுக்கு இனியும் புயல் வரும், நீங்களும் லாரி அனுப்புவீர்கள். அனுப்புகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அரிசி மூட்டையோடு உலர்ந்த வைக்கோல் கட்டுகளையும், தாது உப்புக் கட்டிகளையும், கன்றுகளுக்குப் பூச்சி மருந்தையும் முதல் லாரியிலேயே ஏற்றுங்கள். சணல் சாக்கில் கட்டுங்கள். இறக்கி முடித்ததும் கட்டுக் கயிற்றையும் காலிப் பைகளையும் பொறுக்கி அதே லாரியில் திரும்ப எடுத்துப் போங்கள்.